நடுக்களத்து இருக்கை: ஜொகூரில் பள்ளித் திடலிலிருந்து தொழில்முறைக் காற்பந்து வரை

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்ற ஆட்டக்காரர் ஒருவர் உண்டு. பந்து கைக்கு வந்ததும் அது அடுத்து எங்கே போக வேண்டும் என்பதைச் சில நொடிகளுக்குள் அவர்தான் முடிவு செய்கிறார். அந்த இடத்துக்கு வருகிறவர்கள் அநேகமாக எல்லாரும் பல்கலைக்கழகக் குழுவில் சில ஆண்டுகள் ஆடிய பிறகே தொழில்முறைக் குழுவில் சேர்கிறார்கள். நம் காற்பந்தில் அதற்கு நிகரான பொறுப்பு, ஆட்டத்தை நடத்தும் நடுக்கள ஆட்டக்காரருடையது. ஜொகூர் மாநிலத்தில் ஒரு பையன் பள்ளித் திடலில் தொடங்கி அந்த இருக்கைக்கு எப்படி வந்து சேர்கிறான், எந்த இடத்தில் தடைப்படுகிறான் என்பதே இக்கட்டுரையின் பொருள். மகளிர் காற்பந்து தனித்த ஆய்வுக்குரியது; இங்கே அது எடுத்துக்கொள்ளப்படவில்லை.

ஜொகூரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இளம் ஆட்டக்காரர்கள் படிப்படியாக ஏறிவர மலேசியாவில் ஒழுங்காக அமைந்த ஏணி எதுவென்று கேட்டால் முதலில் இந்த மாநிலத்தைத்தான் காட்ட வேண்டும். அப்படியிருந்தும் அந்த ஏணியின் உச்சியில் உள்ளூர்ப் பையன்கள் பெரும்பாலும் திடலின் ஓரங்களில் ஓடுகிறார்கள். நடுவில் நின்று ஆட்டத்தைத் திருப்புகிறவர் பெரும்பாலும் வெளியிலிருந்து அழைத்து வரப்பட்டவராக இருக்கிறார். திறமைக் குறைவால் இப்படி ஆகிறது என்று நான் நம்பவில்லை. பையன்களைத் தெரிவு செய்வது மிக முந்தி நடக்கிறது. நடுக்கள ஆட்டக்காரர் பழுக்க வேண்டிய 17 முதல் 22 வரையிலான வயதுக்கு நம்மிடம் சரியான திடல் இல்லை. இதுவே இக்கட்டுரையின் கருதுகோள்.

2. ஜொகூரின் ஏணி

1985இலும் 1991இலும் மலேசியக் கிண்ணத்தை வென்ற மாநிலம் இது. அதற்குப் பிறகு நெடுங்காலம் ஜொகூர்க் காற்பந்து சோர்ந்து கிடந்தது. மாநிலத்தின் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் இயங்கின. பணமும் ஆட்களும் பிரிந்து போயின. 2012இல் துங்கு இஸ்மாயில் சுல்தான் இப்ராஹிம் மாநிலக் காற்பந்துச் சங்கத்தின் தலைவரானார். அடுத்த ஆண்டே ஜொகூர் டாருல் தாக்சிம் என்ற பெயரில் ஒரே முதன்மைக் குழு எழுந்தது. சுருக்கமாக எல்லாரும் ஜேடிடி என்கிறார்கள்.

முதல் ஆண்டுகளில் புகழ்பெற்ற பெயர்களே கண்ணில் பட்டன. 2008இல் ஐரோப்பிய வாகையர் பட்டம் வென்ற ஸ்பெயின் அணியில் இருந்த டானி குய்சா வந்தார். 2014இல் அர்ஜெந்தினாவின் பாப்லோ அய்மார் வந்தார். இவர்கள் நீண்ட நாள் தங்கவில்லை. தங்கியது அமைப்புதான். 2014இல் முதன்முறையாக நாட்டின் உச்ச நிலைப் போட்டியான சூப்பர் லீக் பட்டத்தை வென்ற ஜேடிடி, 2024-25 பருவம் வரை தொடர்ந்து 11 முறை அதை விட்டுக்கொடுக்கவில்லை. 2015 அக்டோபர் 31 அன்று தஜிகிஸ்தானின் துஷான்பே நகரில் இஸ்திக்லோல் குழுவை 1-0 என வென்று ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அதை வென்ற முதல் மலேசியக் குழு, ஏன், முதல் தென்கிழக்காசியக் குழுவும் அதுவே. 2020இல் இஸ்கண்டார் புத்ரியில் 40,000 பேர் அமரக்கூடிய சுல்தான் இப்ராஹிம் அரங்கம் திறக்கப்பட்டது. குழுவின் முந்தைய களமான லார்க்கின் அரங்கின் பழைய படிக்கட்டுகளில் நனைந்தபடி ஆட்டம் பார்த்த தலைமுறைக்கு இது சிறிய மாற்றமல்ல.

ஏணியின் படிகள் இவை. தொடக்கப்பள்ளியில் ஆடுகிற பையன் மாவட்ட, மாநிலப் பள்ளி விளையாட்டு மன்றப் போட்டிகளில் கண்ணில் பட வேண்டும். படிவம் ஒன்றில், அதாவது 13 வயதில், விளையாட்டுப் பள்ளியிலோ பயிற்சிக் கழகத்திலோ இடம் கிடைக்க வேண்டும். ஜொகூரிலேயே கோத்தா திங்கி மாவட்டத்தின் பண்டார் பெனாவாரில் துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. பகாங்கின் கம்பாங்கில் 2014இல் தொடங்கிய மொக்தார் டஹாரி பயிற்சிக் கழகம் நாடு முழுதும் பையன்களைத் தேர்ந்தெடுக்கிறது. அதன் மேலே இளையோர் கிண்ணம், தலைவர் கிண்ணம் என வயது வரம்புள்ள போட்டிகள். அவற்றுக்கும் மேலே ஜேடிடியின் இரண்டாம் குழு. உச்சியில் முதன்மைக் குழு.

இந்த ஏணியில் ஒரு படி அண்மையில் கழன்றது. அதை யாரும் அதிகம் பேசவில்லை. ஜேடிடியின் இரண்டாம் குழு பிரீமியர் லீக் என்ற இரண்டாம் நிலைப் போட்டியில் ஆடிவந்தது. 2022இல் அந்தப் பட்டத்தையே வென்றது. 20 வயதுப் பையன் ஒருவன் 30 வயதுக்காரர்களின் முழங்கையையும் தந்திரத்தையும் அனுபவித்துக் கற்ற இடம் அது. 2023இல் பிரீமியர் லீக் கைவிடப்பட்டது. இளம் ஆட்டக்காரர்களுக்கெனத் தனிப் போட்டி அமைக்கப்பட்டது. சம வயதுக்காரர்களோடு ஆடுவதில் வேகம் வளரும். நிதானம் அவ்வளவாக வளராது.

3. மூவர் ஏறிய விதம்

3.1 சஃபிக் ரஹிம். 1987இல் பிறந்தவர். புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியில் படித்து, சிலாங்கூருக்கு ஆடி, 2013இல் ஜேடிடிக்கு வந்தார். 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணம் வென்ற தேசிய அணிக்கும், 2015இல் ஆசியக் கூட்டமைப்பின் கிண்ணம் வென்ற ஜேடிடிக்கும் தலைவர். ஃப்ரீ கிக் என்றால் அரங்கம் எழுந்து நிற்கும். நடுக்களத்து இருக்கையில் மலேசியர் ஒருவர் உரிமையோடு அமர முடியும் என்பதற்கு இவரே சான்று. ஆனால் இவர் ஜொகூரின் ஏணியில் ஏறியவர் அல்லர். அது முழு வடிவம் பெறும் முன்பே வேறிடத்தில் பழுத்து வந்தவர்.

3.2 அரிஃப் அய்மான். 2002இல் குவாந்தானில் பிறந்தவர். ஜேடிடியின் இளையோர் குழுக்கள் வழியே முதன்மைக் குழுவுக்கு வந்தார். 2021இல், 19 வயதில், சூப்பர் லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியில் தென்கொரியாவுடன் 3-3 என முடிந்த ஆட்டத்தில் பெனால்டியை வலைக்குள் அடித்தவர்களில் ஒருவர். ஜொகூரின் அமைப்புக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. அவர் ஆடும் இடமோ வலது ஓரம்.

3.3 எஸ். குணாளன். 1986இல் பிறந்தவர். ஓட்டப்பந்தய வீரராக இருந்து காற்பந்துக்கு வந்தவர். நெகிரி செம்பிலான் 2009இல் மலேசியக் கிண்ணம் வென்றபோது அந்தக் குழுவில் இருந்தார். அவ்வாண்டு டிசம்பரில் வியந்தியானில் சீ விளையாட்டுத் தங்கம் வென்ற 23 வயதுக்குட்பட்ட அணியிலும், 2010இல் இந்தோனேசியாவை 4-2 என்ற மொத்தக் கணக்கில் வென்று தென்கிழக்காசிய வாகையரான அணியிலும் இருந்தார். சிலாங்கூரில் ஆடிவிட்டு 2014இல் ஜேடிடிக்கு வந்தபோது அவருக்கு வயது 27. ஓர ஆட்டக்காரராகத் தொடங்கி வலது பின்காவலராக மாறினார். ஜொகூரின் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த முகம் இவருடையது. சட்டையின் முதுகில் ஒரு தமிழ்ப் பெயரைத் தாங்கி லார்க்கினில் ஒருவர் ஓடியது பல வீடுகளில் எப்படிப்பட்ட மகிழ்ச்சியைத் தந்தது என்பதை எண்களில் எழுத முடியாது.

மூவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வடிவம் தெரிகிறது. ஏணி உருவாக்கியவர் ஓரத்தில் நிற்கிறார். தாமதமாக வந்த தமிழரும் ஓரத்தில்தான். நடுவில் நின்றவர் ஏணிக்கு முந்தியவர். அவருக்குப் பின் அந்த நடுவை நிரப்பியவர்கள் யார்? அர்ஜெந்தினாவின் லியாண்ட்ரோ வெலாஸ்கெஸ், சிங்கப்பூரின் ஹாரிஸ் ஹாருன், ஸ்பெயினில் பிறந்து மலேசிய வம்சாவளியால் தகுதி பெற்ற நட்சோ இன்சா, குடியுரிமை பெற்ற லிரிடோன் கிராஸ்னிகி. அஃபிக் ஃபசாயில் விதிவிலக்கு. ஆனால் அவருடைய முதன்மைப் பணி எதிரியின் ஆட்டத்தைத் தடுப்பது. இவர்கள் எவரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உழைத்து வென்றுகொடுத்தவர்கள். குழு ஒன்று வெற்றிக்காகத்தான் ஆள் எடுக்கிறது. கேள்வி அந்த இடத்துக்கு நம் பிள்ளையை ஏன் ஆக்கித்தர முடியவில்லை என்பதுதான்.

தேசிய அணியும் இதே அவசரத்தில் இருக்கிறது. 2025 செப்டம்பரில், வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களின் வம்சாவளி ஆவணங்கள் தொடர்பாக ஃபிஃபா மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு அபராதம் விதித்து, அந்த ஆட்டக்காரர்களுக்கு 12 மாதத் தடையும் அறிவித்தது. ஆயத்தமாக இருப்பவரைத் தேடும் பழக்கம் எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

4. பதின்மூன்று வயது வாசல்

13 வயதில் ஒரு பையனிடம் எதைப் பார்க்க முடியும்? வேகத்தைப் பார்க்கலாம். உயரத்தை, உதையின் வலுவை, பந்தைக் காலோடு வைத்துக்கொள்ளும் இலாகவத்தைப் பார்க்கலாம். ஆட்டத்தைப் படிக்கும் அறிவை அந்த வயதில் பார்ப்பது மிகக் கடினம். முன்னும் பின்னும் தலையைத் திருப்பி, பந்து வருமுன்பே அடுத்த மூன்று நகர்வுகளைக் கணிக்கும் திறன் பல பையன்களுக்கு 18, 19 வயதில்தான் கூடிவருகிறது. ஆக, இந்த வாசல் ஓட்டக்காரனை உள்ளே விடுகிறது. யோசிக்கிறவனை அடையாளம் காண்பதில்லை.

பிறந்த மாதமும் சேர்ந்துகொள்கிறது. நம் பள்ளிகளில் ஜனவரி முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் ஒரே படிவத்தில் அமர்கிறார்கள். 13 வயதில் 11 மாத வித்தியாசம் உடலில் பெரிதாகத் தெரியும். கனடாவின் பனிவளைகோல் ஆட்டக்காரர்களிடையே ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருப்பதை உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடன் பணிசெய்தவர்களும் 1985இல் எடுத்துக்காட்டினார்கள். அதன் பிறகு பல நாடுகளின் காற்பந்திலும் இதே போக்கு கண்டறியப்பட்டது. நவம்பரில் பிறந்த கூர்மையான பையன், ஜனவரியில் பிறந்த பலசாலியிடம் தோற்று வெளியேறுகிறான். 17 வயதில் இருவரும் ஒரே உயரத்தில் நிற்பார்கள். அப்போது இவனைத் தேடிப் போக யாரும் இல்லை.

விளையாட்டுப் பள்ளிகள் நல்ல காரியம் செய்கின்றன. சோறு, தங்குமிடம், பயிற்சி, படிப்பு நான்கும் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது ஏழைக் குடும்பத்துக்குப் பெரும் பேறு. என் மறுப்பு அந்த வாசல் ஒன்றே ஒன்றாக இருப்பதன் மேல்.

5. எஸ்பிஎம்முக்குப் பின்

ஜொகூருக்கே உரிய ஒரு தடையை இங்கே சொல்ல வேண்டும். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடிந்த பையனுக்கு முன்னால் சிங்கப்பூர்ப் பாலம் இருக்கிறது. மாசாய், ஸ்கூடாய், உலு திராம் பகுதிகளிலிருந்து விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் கூட்டத்தில் 18 வயதுக்காரர்கள் நிறைய. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. கிடங்கிலோ தொழிற்சாலையிலோ வாங்கும் சம்பளம் வீட்டுக் கடனை அடைக்கும். தங்கையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டும். இளையோர் குழுவில் கிடைக்கும் படிப்பணம் அதோடு போட்டி போட முடியாது. சிலாங்கூரிலோ பேராவிலோ இருக்கும் பையன் இந்தச் சோதனையை நாள்தோறும் சந்திப்பதில்லை. ஜொகூரின் பையனுக்கு அது வீட்டு வாசலிலேயே நிற்கிறது.

ஆகவே 17, 18 வயதில் இரண்டு விதமாக ஆட்டக்காரர்கள் உதிர்கிறார்கள். ஏணியில் இடம் பெறாதவன் திடலை விட்டே போகிறான். இடம் பெற்றவனோ படிப்பை விட்டு முழுநேர ஆட்டத்துக்கு வந்து, 21 வயதில் ஒப்பந்தம் கிடைக்காமல் கையில் எஸ்பிஎம் சான்றிதழோடு மட்டும் வெளியேறும் அபாயத்தில் இருக்கிறான். தமிழ்த் தாய்மார்கள் “பந்து உதைச்சா சோறு கிடைக்குமா தம்பி?” என்று கேட்பதைப் பழமைவாதம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தாய்க்கு யாரும் நேர்மையான பதில் சொல்லவில்லை.

6. பல்கலைக்கழகம்: விடுபட்ட படி

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியை முடித்து மூன்று ஆண்டு ஆகாதவரைத் தொழில்முறை லீக் தெரிவுக்கு ஏற்பதில்லை. அந்த இடைவெளியைப் பல்கலைக்கழகத் திடல் நிரப்புகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆடிய குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 2000ஆம் ஆண்டுத் தெரிவில் 199ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். பின்னர் ஏழு முறை அந்த லீக்கின் உச்சப் பட்டமான சூப்பர் பவுல் வென்றார். இன்னொரு குவார்ட்டர்பேக்கான கர்ட் வார்னரைத் தெரிவில் யாருமே எடுக்கவில்லை. பல்பொருள் அங்காடியில் இரவு வேலை பார்த்தவர் 2000 ஜனவரியில் அதே பட்டத்தைத் தூக்கினார். 13 வயதில் வாசலை மூடியிருந்தால் இவர்கள் கதை தொடங்கியிருக்காது. அந்த நாட்டு முறையிலும் அநீதி இருந்தது. 2021 வரை மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கவே அனுமதி இல்லை. அவர்களை வைத்துப் பல்கலைக்கழகங்கள் கோடிகளை ஈட்டின. அந்தப் பகுதியை நாம் கடன் வாங்க வேண்டாம்.

நமக்கு நெருக்கமான பாடம் ஜப்பானில் இருக்கிறது. ஹிதேமாசா மோரிதா ரியூட்சு கெய்சாய் பல்கலைக்கழகத்தில் ஆடிய நடுக்களக்காரர். பட்டப்படிப்புக் காலம் முடிந்து 2018இல் கவாசாகி ஃப்ரோந்தாலே என்ற தொழில்முறைக் குழுவில் சேர்ந்தார். 2022 உலகக் கிண்ணத்தில் ஜப்பானுக்கு ஆடினார். கவோரு மிதோமா, கவாசாகியின் இளையோர் அமைப்பிலிருந்து நேரே மேலே போகும் வாய்ப்பை மறுத்து சுக்குபா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பந்தைக் கடத்திச் செல்லும் கலையைப் பற்றியே ஆய்வேடு எழுதினார். பிறகு அதே குழுவுக்குத் தொழில்முறை ஆட்டக்காரராகத் திரும்பினார். இந்தக் கவாசாகியையும் கொரியாவின் உல்சானையும் பின்தள்ளித்தான் 2022இல் ஜேடிடி ஆசிய வாகையர் லீக்கின் தன் பிரிவில் முதலிடம் பெற்றது, அதுவும் ஜொகூர் மண்ணிலேயே. திடலில் அவர்களை முந்த முடிந்த நம்மால், பிள்ளைகளை வளர்க்கும் வழியில் அவர்களைப் பார்த்துக் கற்க முடியாதா?

மலேசியாவில் முயற்சியே இல்லை என்று சொல்லக்கூடாது. உயர்கல்விக் கழகங்களுக்கென ஒரு லீக் நடக்கிறது. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் குழுவான யுஐடிஎம் 2020இல் சூப்பர் லீக்குக்கே ஏறியது. நாட்டின் உச்ச நிலைப் போட்டியில் ஆடிய முதல் பல்கலைக்கழகக் குழு அதுதான். ஜெர்மானியப் பயிற்சியாளர் ஃபிராங்க் பெர்ன்ஹார்ட்டின் கீழ், பெருந்தொற்றால் சுருங்கிய அந்தப் பருவத்தில் 12 குழுக்களில் ஆறாவது இடம் பெற்றது. 2021இல் கீழிறங்கியது. அந்தக் குழு வெளிநாட்டவரையும் வாங்கி, தொழில்முறைக் குழுக்களைப் போலவே நடந்து, அவர்களோடு பணத்தில் மோத வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்தின் வேலை சூப்பர் லீக்கில் பட்டம் வெல்வது என்று நினைத்தது பிழை என்றே கருதுகிறேன். 18 வயதுப் பையனுக்கு நான்கு ஆண்டு நேரமும் வாரம் ஒரு நல்ல ஆட்டமும் தருவதுதான் அதன் வேலை.

7. தமிழர் நிலை

ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. குளுவாங், சிகாமட், கூலாய், லாயாங் லாயாங் வட்டாரங்களில் அவற்றில் பல, தோட்டங்களில் பிறந்தவை. லயத்து வீடுகளுக்கு முன்னால் இருந்த திடல்தான் முதல் பயிற்சிக் கூடம். செம்பனைக்காகவும் வீட்டுமனைக்காகவும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்தன, திடல் பின்தங்கிவிட்டது. மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளியில் பதினொருவர் கொண்ட குழுவை ஆண்டு ஆறு மாணவர்களை வைத்துச் சேர்ப்பதே பாடு. அதனால் நம் பிள்ளைகள் ஆடிப் பழகுவது பெரும்பாலும் எழுவர் காற்பந்து. தீபாவளியை ஒட்டியும் இளைஞர் மன்றங்களின் பெயரிலும் நடக்கும் போட்டிகள் அவை. சிறு திடலில் ஏழு பேர் ஆடும்போது விரைவும் கால் வித்தையும் வளர்கின்றன. நெடுந்தூரத்துக்குப் பந்தை அனுப்பவும், ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்துக் கூட்டவும் அங்கே இடமில்லை. தமிழ்ப் பிள்ளைகள் ஓரத்துக்கே போய்ச் சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

முன்னோடிகள் குறைவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசிய அணியின் தலைவர் எம். சந்திரன். 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் கோல்காவலர், நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என அழைக்கப்பட்ட ஆர். ஆறுமுகம். புறக்கணிப்பால் அந்த அணி மாஸ்கோ போகவில்லை. ஒருவர் தற்காப்பு, மற்றவர் கோல். நடுக்களத்தில் கே. குருசாமி போன்றோர் தேசிய அணிக்கு வந்ததுண்டு. அந்த வரிசை நீளவில்லை.

என்னை அதிகம் யோசிக்கவைப்பது பயிற்சியாளர் பட்டியல். 2009 தங்கமும் 2010 கிண்ணமும் வென்ற அணிகளுக்குப் பயிற்சியளித்தவர் கே. ராஜகோபால். அவருக்கு முன் தேசிய அணியை நடத்தியவர் பி. சத்தியநாதன். 2009இல் சிலாங்கூருக்கு லீக் பட்டமும் எஃப்ஏ கிண்ணமும் வாங்கித் தந்தவர் கே. தேவன். கோட்டுக்கு வெளியே நின்று ஆட்டத்தைப் படிக்கும் அறிவில் இந்திய வம்சாவளியினர் நாட்டுக்கே வழிகாட்டியிருக்கிறார்கள். அந்த அறிவு கோட்டுக்கு உள்ளே, 20 வயதுக் காலில், போதிய அளவு வெளிப்படாததற்கு வாய்ப்பின் அமைப்பே காரணமாக இருக்க வேண்டும்.

மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழு பிரீமியர் லீக் வரை வந்து, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் ஆடியது. 2021இல் வெளிநாட்டவரே இல்லாமல் களமிறங்கியது. அப்போது நடுக்களத்தில் உள்ளூர்க்காரர் நின்றே ஆக வேண்டியிருந்தது. நின்றார்கள், குழுவும் கீழிறங்கவில்லை. 2022 பருவத்தோடு அது விலகிக்கொண்டது. நான்கு ஆண்டில் ஒரு கதவு திறந்து மூடியது.

8. செய்யத்தக்கவை

ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பத்து பகாட்டின் பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது. சிகாமட்டில் யுஐடிஎம் கிளை இருக்கிறது. ஜேடிடி தன் இளையோர் ஒப்பந்தத்தில் ஒரு விதியைச் சேர்க்கலாம்: 18 வயதில் முதன்மைக் குழுவுக்கு ஆயத்தமாகாத ஆட்டக்காரன் இந்த நிறுவனங்களில் ஒன்றில் குழுவின் செலவில் படிப்பான், அங்கே ஆடுவான், குழுவின் பதிவிலும் நீடிப்பான். 22 வயதில் மறுபடி பார்க்கப்படுவான். அப்போது ஒப்பந்தம் இல்லையென்றாலும் கையில் பட்டம் இருக்கும். நான் மேலே சொன்ன தாய்க்கு அதைப் பதிலாகக் காட்டலாம். பாலத்தைக் கடக்கும் மோட்டார் சைக்கிள்களில் சிலவாவது திரும்பும்.

இரண்டாவதாக, 16 வயதில், படிவம் நான்கில், மாநில அளவில் இன்னொரு தெரிவு வேண்டும். அது ஓட்டத்தையும் உயரத்தையும் அளக்காமல், பதினொருவர் ஆட்டத்தில் பையனை நடுவில் நிறுத்திப் பார்க்கும் தெரிவாக இருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளிகளைப் பொறுத்தவரை, ஒரு வட்டாரத்தின் சிறு பள்ளிகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே குழுவாக மாவட்டப் போட்டியில் கலந்துகொள்ள அனுமதி தந்தாலே எழுவர் ஆட்டத்தின் எல்லையை அந்தப் பிள்ளைகள் தாண்டுவார்கள்.

மூன்றாவது, பணம் அதிகம் கேட்காதது. ஒவ்வோர் ஆண்டும் படிவம் ஒன்றில் தெரிவாகும் ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை, பெயர் இல்லாமல், மாநில விளையாட்டு மன்றம் வெளியிட வேண்டும். ஜனவரியும் பிப்ரவரியும் பட்டியலை நிறைத்து, நவம்பரும் டிசம்பரும் வெறுமையாக இருந்தால், தெரிவாளர்களே அடுத்த ஆண்டு வேறு கண்ணோடு திடலுக்குப் போவார்கள்.